காரைப் பற்றி மட்டும்

ஊஸ்டர்
18.02.2024

என் அண்ணைக்கு,

நீங்களும் அண்ணியும் உடல் சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அண்ணியின் முழங்கால் நோ குறைந்ததா? இங்கே சுவிஸ் குளிரைத் தவிர எங்களுக்கு ஒரு குறையுமில்லை.

கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதீர்கள். ஒருவர் செத்துப்போனார், எங்கள் ஆள் இல்லை. பதினொரு வருடமாக நான் கிழமைக்கு இரண்டு நாள் வீட்டு வேலைக்குப் போய்வந்த ஹெர் சொலிங்கர் மார்கழியில் மோசம் போய்விட்டார். எண்பத்தாறு வயது, பிள்ளைகள் இல்லை. அவருடைய உயிலைப் பார்க்கும் பொறுப்பு அவருக்குப் பக்கத்து வீட்டு ஃப்ராவ் ஹூர்லிமானுக்கு. போன கிழமை அவ என்னைக் கூப்பிட்டு இருத்தி, ஒரு தாளை வாசித்தா. "என் காரைச் சிவமலருக்குக் கொடுக்கிறேன். என்னைத் தவிர அதைத் தொட்டுத் துடைத்தவள் அவள் ஒருத்திதான்."

"நீங்கள் ஆளை மாறி வாசிக்கிறீர்கள்" என்று சொன்னேன். அவ இன்னொரு தரம் வாசித்தா.

அண்ணை, அது 1966 ஆம் ஆண்டு அமெரிக்க மஸ்டாங். எட்டுச் சிலிண்டர். இரண்டே கதவு. கரும்பச்சை நிறம். பொனற் மட்டும் ஒரு கட்டில் நீளம் இருக்கும். ஃப்ராவ் ஹூர்லிமான் திறப்பைப் போட்டுத் திருப்பினா. கராஜ் சுவரில் தொங்கிய சாமான்கள் எல்லாம் கிலுங்கின. நான் வெளியே ஓடிவந்துவிட்டேன்.

விற்கச் சொல்லித்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு விற்க மனமில்லை. என்னிடம் லைசன்ஸ் இருப்பது உங்களுக்குத் தெரியும். எடுத்துப் பதினாறு வருடம், அலமாரிக்குள் கிடக்கிறது. எனக்கு வேகம் வேண்டாம். ஏறி இருந்தால் பயமில்லாமல் போய்ச் சேரவேண்டும். சுன்னாகத்தில் உங்கள் கராஜுக்கு வராத பழைய கார் இல்லையே. அதனால்தான் கேட்கிறேன். இதில் முதலில் எதைத் திருத்தவேண்டும்?

பதிலை எங்கள் வீட்டுக்குப் போடவேண்டாம். உறையின் பின்பக்கத்தில் ஃப்ராவ் ஹூர்லிமானின் விலாசம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் இருந்து போனில் கதைக்கும்போதும் இதைப் பற்றி எடுக்காதீர்கள். இவருக்கு இன்னும் சொல்லவில்லை. நேரம் பார்த்துச் சொல்லவேண்டும். இவர் சுகம்.

உங்கள் தங்கை,
மலர்

*

சுன்னாகம்
12.03.2024

அன்புத் தங்கச்சி மலருக்கு,

கடவுள் கிருபையில் நானும் அண்ணியும் சுகம். அவளுடைய முழங்கால் மழைக்கு மட்டும் முறைப்பாடு சொல்லும். உன் சுகத்தையும் மச்சான் சச்சியின் சுகத்தையும் எழுது.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு நான் கராஜ் நடுவில் நின்று சத்தமாகச் சிரித்தேன். பிறகு பயம் பிடித்தது. பிறகு பொறாமையும் பிடித்தது. நாற்பது வருடமாக ஏ-ஃபோர்ட்டிக்கும் மொறிஸ் மைனருக்கும் அடியில் படுத்துக் கிடப்பவன் நான். மஸ்டாங் வந்து சேர்ந்தது உனக்கு!

நன்றாகக் கேள். அந்தக் காலத்துக் கார்களில் பிறேக் ஒயிலுக்கு ஒரே ஒரு வழிதான். ஒரு சில்லில் குழாய் கசிந்தால் நாலு சில்லுக்கும் பிறேக் இல்லை. மிதித்தால் கால் தரைக்குப் போகும். முதல் வேலை, இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போடுவது. முன்சில்லு இரண்டும் ஒரு வழி, பின்சில்லு இரண்டும் வேறு வழி. ஒன்று கைவிட்டால் மற்றது பிடிக்கும்.

இரண்டாவது, பெல்ட். அதில் இடுப்புக்கு மட்டும்தான் இருக்கும். தோளுக்கும் வருகிறதைப் போடு. வெறும் தகரத்தில் துளைபோட்டுப் பூட்டவிடாதே, பின்னால் தடித்த இரும்புத் தட்டு வைக்கவேண்டும். மூன்றாவது, ரப்பர் எல்லாம். ரயர், பெற்றோல் குழாய், பிறேக் குழாய். பார்க்கப் புதிதாக இருக்கும், வயதைப் பார். ஸ்டியரிங் தண்டு நெஞ்சுக்கு நேரே ஒரே இரும்பாக நிற்கும். அதற்கு இலேசில் வைத்தியமில்லை, மெதுவாக ஓட்டுவதுதான்.

சச்சிக்கு ஏன் ஒளிக்கிறாய்? பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். கார் என்றால் அவனுக்கு உயிர். சொன்னால் உன்னைவிட அவன்தான் துள்ளுவான். ஆனாலும் நீ சொல்லும்வரை நான் வாய் திறக்கமாட்டேன்.

அன்புடன் அண்ணன்,
சிவநேசன்

*

ஊஸ்டர்
07.04.2024

அண்ணைக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தை ஃப்ராவ் ஹூர்லிமானின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து நாலு தரம் வாசித்தேன். எழுத்து சரிந்திருந்தால் குறை நினைக்கவேண்டாம். வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. அலமாரிக் கதவில் அகப்பட்டுவிட்டது.

ஊருக்கு வெளியே புரூனோ என்ற இத்தாலிக்காரர் ஒருவர் பழைய கார்கள் திருத்துகிறார். ஓய்வெடுத்த மனிதர், வாய் ஓய்வதில்லை. நீங்கள் எழுதியதை இவர்களுடைய டொச் மொழியில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். வாசித்துவிட்டு, "இதை எழுதின ஆளை எனக்கு அறிமுகப்படுத்து" என்றார்.

காரை உயர்த்திப் பார்த்தோம். றைவர் இருக்கைக்குக் கீழே கம்பளத்தைத் தூக்கினால், உள்ளங்கை அகலத்துக்குத் துருப்பிடித்த துளை. நிலம் தெரிந்தது. மேலே பச்சை மினுமினுத்தபடி இருக்கிறது. பதினொரு வருடமும் நான் துடைத்தது மேலேதான். அதிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் நின்றேன். புரூனோ, "பயப்படாதே, வெட்டி எடுத்துவிட்டு நல்ல தகரம் ஒட்டலாம்" என்றார். இங்கே வாகனப் பரிசோதனையை எம்.எஃப்.கா என்பார்கள். பழைய கார் என்றால் எல்லாம் பழையபடி இருக்கவேண்டுமாம். பாதுகாப்புக்குச் செய்கிற மாற்றம் என்றால் எழுதிக் கேட்கலாமாம். கேட்டிருக்கிறோம்.

எனக்கு இன்னும் மூன்று வேலை செய்யவேண்டும். முடியுமா என்று சொல்லுங்கள். ஒன்று, திறப்பு கையில் இருந்தாலும் வேறு எவராலும் ஸ்டார்ட் செய்ய முடியாதபடி மறைவாக ஒரு சுவிச். இரண்டு, உள்ளே ஏறியவுடன் இரண்டு கதவையும் ஒரு நொடியில் பூட்டவேண்டும். இப்போது பூட்டு இறுகிப்போய்க் கிடக்கிறது. மூன்று, வலப்பக்கம் பின்னால் பார்க்கிற கண்ணாடி. காரில் இடப்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. பின்னால் வருவது எனக்கு முழுதாகத் தெரியவேண்டும்.

பெல்ட் றைவர் பக்கம் மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன். ஒன்று போதும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மலர்

*

சுன்னாகம்
30.04.2024

அன்பு மலருக்கு,

இங்கே வெயில் தகரத்தைத் தொடவிடாமல் எரிக்கிறது. மற்றபடி சுகம். உன் விரல் எப்படி? அலமாரியைப் பார்த்து மூடு பிள்ளை. போன ஞாயிறு போனில் சச்சி, "உன்ரை தங்கச்சிக்குக் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்" என்று சொல்ல நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய்தானே.

சுவிச் சின்ன வேலை. பற்றறியின் நெகற்றிவ் வயரை ஒரு சுவிச்சுக்கு ஊடாக எடுத்து, இருக்கைக்கு அடியிலோ டாஷ்போர்டுக்குப் பின்னாலோ ஒளித்து வைக்கலாம். தீப்பிடித்தாலும் ஒரு கையால் மின்சாரத்தை நிறுத்தலாம். நல்ல யோசனை. ஆனால் அந்த ஊரில் உன்னிடம் யார் களவெடுக்கப் போகிறார்கள்? கதவுப் பூட்டுகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கிறீஸ் பூசினால் வெண்ணெய்போல் ஓடும். கண்ணாடிக்கு அந்தக் காலத்து வட்டக் கண்ணாடியே போடச் சொல். வடிவாக இருக்கும்.

ஒரு பெல்ட் போதும் என்று எழுதியதற்கு எனக்குக் கோபம். வாங்குகிறவன் இரண்டாக வாங்கவேண்டும். சச்சி எங்கே இருப்பது, டிக்கியிலா?

எவ்வளவு காலம் ஒளிப்பாய்? எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நாக்கைக் கடித்துக்கொண்டு இருப்பது பெரிய பாடாக இருக்கிறது.

அண்ணன்

*

ஊஸ்டர்
02.06.2024

அண்ணைக்கு,

சுகமாக இருக்கிறேன்.

பிறேக் வேலை முடிந்தது. பரிசோதனைக்காரர்கள் சம்மதக் கடிதம் தந்துவிட்டார்கள். நேற்று புரூனோ என்னைப் பழைய தொழிற்சாலை ஒன்றின் வெறும் முற்றத்துக்குக் கூட்டிப்போய் ஓடவிட்டார். முதல் தரம் மிதித்தபோது கார் தவளைபோலப் பாய்ந்தது. எட்டாம் தரம் கீறிய கோட்டில் நிறுத்தினேன். "பிராவா!" என்று அவர் தொப்பியைக் கழற்றினார். அண்ணை, நான் மிதித்தேன், அது நின்றது. அவ்வளவு பெரிய இரும்பு நான் சொன்னதைக் கேட்டது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை.

இனி ஒரு கேள்வி. மகள் ஜெனனி பெலின்சோனாவில் வேலை செய்கிறாள். அங்கே போவதென்றால் கோட்ஹார்ட் மலைக்குள்ளால் பதினேழு கிலோமீட்டர் சுரங்கம். கோடையில் வாசலில் இரண்டு மணித்தியாலம் வாகனங்கள் வரிசையில் நிற்கும். இந்த எஞ்சின் அந்தச் சூட்டைத் தாங்குமா? வழியில் எங்கேயும் நிற்காமல் போய்ச் சேர என்ன செய்யவேண்டும்?

டிக்கியை அளந்து பார்த்தேன். ஒரு பெட்டி பிடிக்கும். அது காணும்.

மலர்

*

சுன்னாகம்
24.06.2024

அன்பு மலருக்கு,

நாங்கள் சுகம். நீ எப்படி என்று உண்மையாக எழுது.

முதலில் கேட்டதற்குப் பதில். றேடியேற்றரைக் கழற்றிக் கழுவி, தேமோஸ்டாற்றைப் புதிதாக்கு. வரிசையில் நிற்கும்போது சூடு ஏறினால் வெட்கப்படாமல் காருக்குள் ஹீற்றரைப் போடு. உனக்கு வேர்க்கும், எஞ்சின் ஆறும். போகும் முன் காலையில் தண்ணீரும் ஒயிலும் பார். நிற்காமல் போகலாம். ஆனால் ஏன் நிற்காமல்? வழியெல்லாம் ஏரியும் மலையுமாம், இறங்கித் தேநீர் குடித்துவிட்டுப் போங்களேன்.

ஒரு பெட்டி காணும் என்று எழுதினாய். ஒரு பெட்டிக்குள் இரண்டு பேரின் உடுப்புப் பிடிக்காதே. சச்சி வரவில்லையா? போன மூன்று ஞாயிறும் நீ போனுக்கு வரவில்லை. தலையிடி என்று அவன் சொன்னான். மூன்று கிழமை ஒரு தலையிடியா? உன் கடிதத்தில் அவனுடைய பெயரே இல்லை. இரண்டு பேருக்கும் கோபதாபமா? அண்ணனுக்குச் சொல்லலாம்தானே. உடனே எழுது.

அண்ணன்

*

சுன்னாகம்
05.08.2024

மலர்,

நலமா? ஆறு கிழமையாகப் பதில் இல்லை. தபாற்காரனைக் கண்டாலே எழும்பிப் போய்க் கேட்கிறேன். ஞாயிறுகளிலும் நீ இல்லை.

கோபிக்காதே. நேற்று நான் சச்சிக்குத் தனியாகப் போன் எடுத்தேன். "என்ன மச்சான், மலருக்கு ஏதும் வருத்தமோ?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை, வேலைக் களைப்பு" என்றான். நான் விடவில்லை. கார் திருத்துகிற அலைச்சலாக இருக்குமோ என்று வாய் தவறி வந்துவிட்டது. பிறகு மறைக்க என்ன இருக்கிறது? சொலிங்கரின் கார், இரட்டை பிறேக், ஜெனனியிடம் போகிற திட்டம் எல்லாம் சொன்னேன்.

நான் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. அவன் சிரித்தான். "அப்பிடியோ? நல்ல விசயம்தானே மச்சான். எனக்குத்தான் கடைசியாத் தெரியுது" என்றான். எங்கே நிற்கிறது என்று கேட்டான், சொன்னேன். "நானும் ஒருக்கால் போய்ப் பாக்கிறன்" என்றான். குரலில் ஒரு துளி கோபமில்லை. பார்த்தாயா, இவ்வளவு நாளும் வீணாக ஒளித்தாய். இனி இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் காரில் போகலாம்.

நெஞ்சிலிருந்து பாரம் இறங்கினதுபோல் இருக்கிறது. படம் எடுத்து அனுப்பு.

அன்புடன் அண்ணன்

*

பெலின்சோனா
27.08.2024

அண்ணைக்கு,

உயிரோடு இருக்கிறேன். ஜெனனியின் வீட்டில் இருக்கிறேன். உங்கள் ஆவணிக் கடிதத்தை ஃப்ராவ் ஹூர்லிமான் இங்கே திருப்பி அனுப்பி நேற்றுத்தான் கிடைத்தது. அதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

ஆறாம் திகதி செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணி. கார் புரூனோவிடமிருந்து முதல் நாள்தான் சொலிங்கரின் கராஜுக்கு வந்திருந்தது. நான் தனியே நின்று வலப்பக்கக் கண்ணாடியைத் திருப்பிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடிக்குள் இவருடைய வெள்ளைக் கார் வந்து கராஜ் வாசலைக் குறுக்கே மறித்து நின்றதைக் கண்டேன். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஆட்களில் உங்களுக்கும் ஜெனனிக்கும் மட்டும் தெரிந்த விசயம் அது.

கோயில் கூட்டத்துக்குப் போடுகிற மினுக்கிய சேட்டோடு இறங்கினார்.

"வடிவான கார் மலர். எனக்கும் ஒருக்கால் காட்டியிருக்கலாமே?"

நான் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தேன்.

"உன்ரை அண்ணன் எல்லாம் சொன்னவன். திறப்பைத் தா."

கொடுத்தேன். இருபத்தேழு வருடமாகக் கேட்டதைக் கொடுத்துப் பழகிய கை. அவர் ஏறி இருந்து திறப்பைத் திருப்பினார். சத்தமில்லை. மூன்று தரம் திருப்பினார். சுவிச் எங்கே என்று அவருக்குத் தெரியாது. இறங்கி, "உன்னை மாதிரித்தான் இதுவும், ஒண்டுக்கும் உதவாது" என்றார்.

சுவரில் தொங்கிய பெரிய சில்லு ஸ்பனரை எடுத்தார். ஆத்திரத்தில் அடித்தார் என்று நினைக்காதீர்கள். முதலில் சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்தார். முன் கண்ணாடி. இடது விளக்கு. வலது விளக்கு. நான் பூட்டிய அந்த வட்டக் கண்ணாடி. ஒவ்வொன்றையும் அடித்தபின் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். வீட்டிலும் இப்படித்தான் அண்ணை. சட்டைக் கையை மடிப்பார், நடுவில் நிறுத்தி நிறுத்தி முகத்தைப் பார்ப்பார். அங்கே அடிபடுவது கார் இல்லை, அதுதான் வித்தியாசம்.

ஃப்ராவ் ஹூர்லிமான் சத்தம் கேட்டுப் பொலிசைக் கூப்பிட்டிருக்கிறா. ஒரு பெண் பொலிஸ் என்னைத் தனியே இருத்தி, வீட்டிலும் இப்படி நடக்குமா என்று டொச்சில் கேட்டா. "யா" என்றேன், ஓம் என்று. ஒரு எழுத்துப் போல ஒரு சொல். அது என் வாயிலிருந்து வந்ததை நானே நம்பாமல் அவவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். விரல்களைப் பற்றிக் கேட்டா. அலமாரி இல்லை என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை, இரண்டு மணித்தியாலம் கதைத்தேன். பதினாலு நாள் வீட்டுக்கும் எனக்கும் கிட்ட வரக்கூடாது என்று அவருக்கு எழுதிக் கொடுத்தார்கள். நீதிபதி அதை மூன்று மாதமாக நீட்டியிருக்கிறார். ஜெனனி அன்றைக்கே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். எட்டு வயதிலேயே குளியலறைக்குள் பூட்டிக்கொண்டிருக்கப் பழகினவள். பதினேழாம் திகதி, அவர் வேலைக்குப் போனபின், நானே காரில் இங்கே வருவதாக இருந்தோம். இன்னும் பதினொரு நாள் இருந்தது.

உங்களுக்கு ஏன் முதலே சொல்லவில்லை என்று இப்போது கேட்பீர்கள். சொன்னேன் அண்ணை. 2005 ஆம் ஆண்டு, சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த நாள். ஊஸ்டர் ஸ்டேசனில் இருந்த ரெலிபோன் பெட்டிக்குள் நின்று எடுத்தேன். "அண்ணை, இவர் எனக்கு அடிக்கிறார்" என்று சொன்னேன். நீங்கள், "எல்லா வீட்டிலயும் உள்ளதுதான் பிள்ளை, கொஞ்சம் பொறுத்துப் போ, அவன் நல்லவன்" என்றீர்கள். பிறகு அண்ணியிடம் போனைக் கொடுத்துவிட்டீர்கள். உங்களுக்கு நினைவே இருக்காது.

அதனால்தான் காரைப் பற்றி மட்டும் எழுதினேன். காரைப் பற்றி எழுதினால் நீங்கள் முழுதாகக் கேட்பீர்கள். ஒரு சின்னக் கசிவு என்றாலும் விடமாட்டீர்கள்.

உங்களையும் அண்ணியையும் கடவுள் காக்கட்டும்.

சிவமலர்

*

சுன்னாகம்
16.09.2024

மலர்,

சுகம் கேட்க எனக்கு வாய் இல்லை.

உன் கடிதத்தைக் கராஜில் நின்று பிரித்தேன். ஒரு மொறிஸ் மைனர்காரர் தன்னுடைய காருக்கு என்ன என்று மூன்று தரம் கேட்டாராம். எனக்குக் கேட்கவில்லை. கதவை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

2005 ஐ நினைத்து நினைத்துப் பார்த்தேன். முதலில், அப்படி ஒன்று நடக்கவில்லை என்றே இருந்தது. சத்தியமாக அப்படித்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது, போனில் உன் குரலுக்குப் பின்னால் ரயில் ஒன்று போன சத்தம் நினைவு வந்தது. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. என் தங்கச்சி சொன்னது நினைவில்லை, ரயில் சத்தம் நினைவிருக்கிறது. நான் என்ன மனிதன்?

உன் கடிதத்தை அண்ணியிடம் கொடுத்தேன். அவள் வாசிக்கவே இல்லை. மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும் இரத்தினம்மா?"

"பன்ரெண்டாம் ஆண்டு அவள் இஞ்ச வந்து நிக்கேக்க, கிணத்தடியில முதுகைப் பாத்தனான். பச்சையும் நீலமுமா இருந்தது."

"பன்ரெண்டு வருசமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்குச் சொன்னா நீங்கள் என்ன செய்வியள்? அவருக்குத்தான் போன் எடுப்பியள்."

மலர், அதைத்தான் நான் செய்தேன். என்னோடு முப்பத்தைந்து வருடம் வாழ்ந்தவள் என்னைச் சரியாக அளந்து வைத்திருக்கிறாள். சச்சியைத் தேடிப் பிடித்தவனும் நான். உன்னை விமானம் ஏற்றினவனும் நான். அந்தக் கராஜ் எங்கே இருக்கிறது என்று வழி சொன்னவனும் நான். அவன் சிரித்தபோது என் நெஞ்சுப் பாரம் இறங்கியது என்று எழுதினேனே. அந்த வரியையும் நீ வாசித்திருப்பாய்.

அவன் எனக்குப் போன் எடுத்தான். அழுதான். ஐம்பது வருடத்தில் அவன் அழுது நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு கேட்டான். "மச்சான், மலருக்குச் சின்ன வயசில இருந்தே மனக்குழப்பம் எண்டு ஒரு கடிதம் எழுதித் தா. அண்ணன் எழுதினா எடுபடும். வழக்குக்குத் தேவை." எவ்வளவு மெதுவாக, எவ்வளவு அன்பாகக் கேட்டான் என்று உனக்குச் சொல்ல முடியாது. 2005 இல் நானும் அப்படிக் கேட்டுக் கரைந்திருப்பேன்.

"கடிதம் எழுதுறன், ஆனா உனக்கில்லை" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

எழுதிவிட்டேன். இதோடு வருகிறது. நீ என்னிடம் எந்த நாள் என்ன சொன்னாய், நான் என்ன பதில் சொன்னேன், அண்ணி என்ன கண்டாள், அவன் இப்போது என்ன கேட்டான் என்று நாலும் இருக்கிறது. அண்ணியும் தனியாக எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறாள். கையெழுத்தை உறுதிப்படுத்தச் சமாதான நீதவானிடம் கொண்டுபோனேன். அவருக்கு என்னை இருபது வருடமாகத் தெரியும். வாசித்துவிட்டு, "சிவநேசன், இதில உம்மடை பெயரும் கெடுதே, ரெண்டாவது பந்தியை வெட்டிவிடலாமே?" என்றார். வெட்டவேண்டாம் என்றேன். ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்து முத்திரை குத்தியிருக்கிறது. உன் வழக்கறிஞரிடம் கொடு.

மன்னிக்கச் சொல்லி எழுதமாட்டேன். அதைக் கேட்கவும் எனக்குத் தகுதி வேண்டும்.

சிவநேசன்

*

பெலின்சோனா
03.11.2024

அண்ணைக்கும் அண்ணிக்கும்,

நான் நலம். இந்தச் சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். விரல்கள் மடங்குகின்றன. குளிருக்கு மட்டும் நோகும்.

உங்கள் இருவரின் கடிதமும் வழக்கறிஞரிடம் போய்விட்டது. அவ மொழிபெயர்ப்பை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினா. பத்தொன்பது வருடத்துக்கு முந்திய நாள் ஒன்றை இன்னொருவர் எழுதிச் சாட்சி சொல்வது பெரிய விசயமாம். "உங்கள் அண்ணன் தன்னைத்தானே குற்றம் சொல்லி எழுதியிருக்கிறார், தெரியுமா?" என்று கேட்டா. தெரியும் என்றேன். அண்ணியின் கடிதத்தை நான் இன்னும் முழுதாக வாசிக்கவில்லை. கிணற்றடி என்ற சொல்லோடு நின்றுவிட்டேன். அன்றைக்கு அவ ஒன்றும் பேசாமல் எனக்கு முதுகு தேய்த்துவிட்டா. கண்டிருப்பா என்று அப்போதே நினைத்தேன். எனக்கு அவவோடு கோபமில்லை. அதிர்ச்சிதான். எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது!

ஊஸ்டரில் கதை பரவிவிட்டது. சாமான் எடுக்கப் போனபோது கடையில் கோயில் பெண்கள் இரண்டு பேரைக் கண்டேன். ஒருத்தி முகத்தைத் திருப்பினா. மற்றவ பின்னால் ஓடிவந்து என் கையைப் பிடித்து, "எனக்கும் அந்தப் பொலிஸ் நம்பரைத் தாங்கோ அக்கா" என்றா. பதினைந்து வருடமாக ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்ட பெண். எழுதிக் கொடுத்தேன்.

புரூனோ கண்ணாடியும் விளக்குகளும் மாற்றிவிட்டார். புரட்டாசி கடைசியில் எம்.எஃப்.கா. பரிசோதனைக்காரர் ஒரு இளம் பெடியன். பிறேக் சோதிக்கிற உருளையில் காரை ஏற்றிவிட்டு, "ஐம்பத்தெட்டு வயதுக் காரா இது!" என்றான். ஒரு குறையும் எழுதவில்லை. மலையில் பனி விழுமுன் நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். ஜெனனி பக்கத்தில் இருந்தாள். சுரங்கத்துக்குள் ஒன்பதாம் கிலோமீட்டரில் என் உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. "அம்மா, மூச்சு விடுங்கோ" என்றாள். விட்டேன். இந்தப் பக்கம் வெளியே வந்தபோது வெயில் எறித்தது. இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் அரைநாள் வேலை கிடைத்திருக்கிறது. இந்தப் பக்கத்து இத்தாலி மொழி நாக்கில் நிற்கவில்லை. சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன்.

அண்ணை, உங்களைப் பற்றி நினைக்கும்போது ஒவ்வொரு நாள் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு அழுத நாளும் உண்டு. ஆவணிக் கடிதத்தைக் கிழித்த நாளும் உண்டு. இரண்டும் ஒரே கிழமையில் நடந்தது. மன்னிப்பைப் பற்றி இப்போது கேட்கவும் வேண்டாம், கேட்கவில்லை என்பதற்காக நானாகத் தருவேன் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

எனக்குப் புதிய போன் இருக்கிறது. இந்த நம்பர் ஜெனனிக்கும் வழக்கறிஞருக்கும் மட்டும்தான் தெரியும். கீழே எழுதியிருக்கிறேன். வருகிற இருபத்துநாலாம் திகதி ஞாயிறு, இங்கே காலை பதினொன்றுக்கு, உங்களுக்குப் பின்னேரம் மூன்றரைக்கு, எடுங்கள். ஜெனனி வேலைக்குப் போய்விடுவாள், நான் தனியாக இருப்பேன். நீங்களும் தனியாக இருங்கள். அண்ணியிடம் போனைக் கொடுக்கவேண்டாம்.

நான் முதலில் இருந்து சொல்வேன். 1997 இல் இருந்து. நேரம் எடுக்கும். நடுவில் ஒன்றும் கேட்காதீர்கள், ஆறுதல் சொல்லாதீர்கள், அழுதாலும் சத்தமில்லாமல் அழுங்கள். நான் முடித்துவிட்டேன் என்று சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.

மலர்